ரீசைஸிங்: அளவு மாற்றமா, அளவு மீட்பா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வேட்டைக்குப் போகிற நம் ஆட்களில், சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் ஓயாமல் வரும் சொல் ‘ரீசைஸ்’. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘மறுஅளவாக்கம்’ என்று போட்டுவிடும், கணினியில் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பழகிய சொல் அது. இந்த வேலைக்கு அது ஒட்டாது.

சுட்டதும் உள்ளே ஏறும் அழுத்தத்தில் தோட்டாவின் பித்தளைக் கூடு துப்பாக்கி அறையின் (தோட்டா உட்காரும் இடத்தின்) சுவரோடு ஒட்டுகிற அளவுக்கு விரிகிறது, அப்புறம் கொஞ்சம் சுருங்கினாலும் பழைய அளவுக்கு வருவதில்லை, குண்டைப் பிடிக்கும் குறுகிய முன்பகுதியான கழுத்தும் தளர்ந்து புதுக் குண்டைப் பிடிக்காது. அதை ‘டை’ என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தி உரிய அளவுக்குத் திருப்புவதுதான் ரீசைஸிங். அடி வாங்கிய பித்தளைச் செம்பை ஒடுக்கெடுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோமே, அந்த மாதிரி.

‘சைஸ்’ பிறந்த இடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அது பழைய பிரெஞ்சு ‘அசீஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கு அமர்வு என்று பொருள். அந்த ‘அசீஸ்’ நீதிமன்ற அமர்வைக் குறித்து, பிறகு அந்த அமர்வு போட்ட கட்டளையைக் குறித்தது. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் எடையையும் பியரின் விலையையும் விதித்த சட்டத்துக்கும் இதே பெயர்தான். ஆக, அந்தச் சொல்லுக்குள் ‘விதித்த அளவு’ என்ற பொருள் இருக்கிறது. நான் ‘அளவு மீட்பு’ என்று எழுதுகிறேன். அப்படிச் சொன்னவுடனே ‘எந்த அளவுக்கு மீட்பது?’ என்ற கேள்வி எழும், முறையைத் தேர்ந்தெடுப்பதே அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் பொது அளவுக்கு என்றால் முழுநீள மீட்பு. கூட்டின் உடல், உடல் கழுத்தாகக் குறுகும் சரிவான தோள், கழுத்து எல்லாம் அச்சுக்குள் போகும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கிக்கு இதுதான். ஆனால் தோளை அதிகம் பின்னுக்குத் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிந்து, பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அடுத்த முறை அங்கேதான் அறும்.

உங்கள் துப்பாக்கி அறையின் அளவே போதும் என்றால் கழுத்தை மட்டும் மீட்கலாம். (‘கழுத்தளவு மீட்பு’ என்று சேர்த்து எழுதாதீர்கள், நமக்குக் கழுத்தளவு என்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.) சில முறை சுட்டபின் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) மூட இறுக்கமாகும், அப்போது முழுநீளத்துக்குப் போகத்தான் வேண்டும். இங்கே பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான 303 லீ என்ஃபீல்ட் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது கழுத்து மீட்புதான். அந்தத் தோட்டா அறைக்குள் தன் அடி விளிம்பில்தான் நிற்கிறது, அறையின் முன்பக்கம் பெரும்பாலும் தாராளமாக இருக்கும், முழுநீளம் செய்தால் கூடு சீக்கிரம் போய்விடும். 308 மாதிரி தோளில் நிற்கும் தோட்டாவுக்கு முழுநீளம் செய்து, தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டும் தள்ளுவது என் பழக்கம். காட்டில் இம்பாலா மான் முன்னால் நிற்கும்போது போல்ட் மூடாமல் போகக் கூடாது.

கூட்டுக்கு இங்கே எல்லோரும் சொல்வது ‘டொப்பி’. ஆப்பிரிக்கான்ஸில் ‘டொப்’ என்றால் ஓடு, முட்டை ஓட்டுக்கும் அதே சொல், டொப்பி என்றால் சின்ன ஓடு. நம் தொப்பிக்கும் அதற்கும் உறவில்லை. தமிழில் ‘தோட்டாக் கூடு’ போதும். தோட்டா உருது வழி வந்த சொல்தான், ஆனாலும் நம் வாயில் ஊறிப்போனது, மாற்ற வேண்டியதில்லை.

என் 303 கூடுகள் இருக்கும் பெட்டி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘கழுத்து மட்டும். இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்.’