'சும்மா சொன்னது' என்ன செய்கிறது? வசைச்சொல்லின் அறிவியல்

தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் என்று குமரிக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் பந்து உருளும். பயல்கள் விளையாடுவதைப் பார்ப்பதோடு நிற்காமல் கொஞ்சம் காது கொடுத்தும் கேளுங்கள். கோலுக்கு மேலே அடித்துப் பந்தை வீணாக்கியவனுக்கு "லேய் பொட்டை" என்று ஒரு கூச்சல். இடிபட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம், "என்னலே, பொம்பளப் பிள்ளைய மாதிரி கரையுத?" நடையில் கொஞ்சம் நளினம் இருந்துவிட்டால் "ஒம்போது". கத்தியவனுக்கும் கேட்டவனுக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் தோளில் கைபோட்டு, "வா மக்கா" என்று சேர்ந்தேதான் டீக்கடைக்குப் போவார்கள். கேட்டால், "சும்மா வெளாட்டுக்குச் சொல்லுதது, யாரும் மனசுல வைக்க மாட்டாவ" என்பார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சும்மா சொன்ன சொல்லுக்கும் வேலை உண்டு. அந்த வேலை மூளையில் ஒரு விதமாகவும், கூட்டத்தில் வேறு விதமாகவும் நடக்கிறது.

முதலில் மூளை. பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் 1861-இல் லெபோர்ன் என்ற நோயாளி வந்து சேர்ந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். அவர் வாயிலிருந்து வருவதோ "டான்" என்ற ஒற்றை அசைதான். ஆனால் கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசைத்தொடர் முழுசாக, தெளிவாக வெளியே வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பிரித்துப் பார்த்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் சேதம் இருப்பதைக் கண்டார். பேச்சை உண்டாக்கும் அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள் வசையை மட்டும் சரளமாகச் சொல்வதை அதற்குப் பிறகும் மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். யோசித்துக் கோக்கும் வாக்கியத்துக்கு ஒரு பாதை. உணர்ச்சியோடு பிய்த்துக்கொண்டு வரும் சொல்லுக்கு இன்னொரு பாதை. அச்சத்தையும் கோபத்தையும் கையாளும் அமிக்டலாவும், பழகிய செயலைத் தானாக ஓட்டும் அடித்தள நரம்புமுடிச்சுகளும் இந்த இரண்டாவது பாதையில் பங்கெடுக்கின்றன.

ஒரு சொல் அந்தப் பாதையில் எப்படி ஏறுகிறது? நாலு வயசுப் பிள்ளை எங்கிருந்தோ ஒரு கெட்டவார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்து அடுக்களையில் சொல்கிறது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். "இன்னொரு தரம் சொன்னா வாயில மொளவ அரச்சித் தேச்சிருவேன்." பிள்ளைக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. அம்மாவின் முகமும் குரலும் தன் நெஞ்சு படபடத்ததும் மட்டும் சொல்லோடு சேர்ந்து பதிந்துவிடுகின்றன. துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் பேசுகிறவர்களை வைத்து, கேத்தரின் ஹாரிஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வசைகளையும், சிறுவயதில் பெரியவர்கள் திட்டும் தொடர்களையும் தாய்மொழியில் கேட்டபோது விரல் தோலின் மின்கடத்தும் திறன் கூடுதலாக ஏறியது. அதாவது வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொண்டன. இரண்டாம் மொழியில் அந்த வேகம் இல்லை. ஆங்கில வசையைக் கூச்சமே இல்லாமல் ஆளுக்கு முன் சொல்கிற பையன், அதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லைத் தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது விழுங்கிக்கொள்வது இதனால்தான்.

சொல்லின் சத்தத்தில் சக்தி ஏதும் இல்லை, அதோடு பதிந்த உணர்ச்சியில்தான் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ், மாணவர்களின் கையைப் பனிக்குளிர் நீரில் முக்கவைத்து, ஒருமுறை வசைச்சொல்லையும் மறுமுறை சாதாரணச் சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். வசை சொன்னபோது கூடுதல் நேரம் வலி தாங்கினார்கள். இது 2009-இல். புதிதாக இட்டுக்கட்டிய, வசைபோல ஒலிக்கும் சொற்களைக் கொடுத்து 2020-இல் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நடுவில் 2011-இல் வந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது: தினமும் அதிகமாக வசை பேசுகிறவர்களுக்கு வலிநீக்கும் பலன் குறைவாக இருந்தது. சொல்கிறவனுக்கு மரத்துப்போகிறது. "மனசுல வைக்க மாட்டாவ" என்று அவன் நம்புவது தன் மரத்துப்போன தோலை வைத்துத்தான். கேட்கிறவனின் தோலுக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல இந்த ஆய்வில் எதுவும் இல்லை.

இனி, எந்தச் சொற்கள்? கோபத்துக்கு எந்தச் சொல்லும் உதவும் என்றால், நம் வசைகளில் ஏன் இவ்வளவு பெண்கள்? ஓர் ஆணைத் திட்ட இரண்டு வழிகள் பெருவழக்கு: அவனைப் பெண் என்பது, அல்லது அவன் அம்மாவையோ அக்காவையோ மனைவியையோ இழுப்பது. ஒரு பெண்ணைத் திட்ட அவளுடைய ஒழுக்கம், தாலி, வயிறு, வாய் இந்த நான்கில் ஒன்று வேண்டும். அறுதலி, மலடி, வாயாடி. இவற்றுக்கு ஆண்பால் வசை தேடிப் பாருங்கள். மனைவியை இழந்தவனுக்கு அனுதாபம் உண்டு, வசை கிடையாது. "ஆம்பளப் பிள்ளை மாதிரி தைரியமா இருக்கா" என்பது பாராட்டு. "பொம்பளை மாதிரி" என்பது அடி. எது மேலே, எது கீழே என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது.

தாயை இழுக்கும் வசைக்குப் பின்னால் சொத்து இருக்கிறது. நிலமும் வீடும் தகப்பன் வழியில் மகனுக்குப் போகும் ஊரில், தகப்பன் யார் என்ற கேள்வியே ஒருவனின் உரிமையை அசைத்துவிடும். ஆகவே தாயின் ஒழுக்கம் ஊராரின் காவலுக்குள் வந்துவிடுகிறது. இது மாறாத இயற்கை ஒன்றும் அல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது, சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போயிற்று. திருவிதாங்கூர் அரசு 1926-இல் சட்டம் போட்டு அதை மாற்றியது. அந்த ஏற்பாட்டில் பெண்கள் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை, அதற்கே உரிய அநீதிகள் நிறைய. ஆனால் வாரிசு என்பதை வேறு மாதிரியும் கட்டலாம் என்பதற்கு நம் கொள்ளுத்தாத்தா காலத்து மண்ணே சாட்சி.

ஆணைப் பெண் என்று அழைத்தால் ஏன் அவனுக்கு அவ்வளவு சுடுகிறது? ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாஸன் என்ற உளவியலாளர்கள் 2008-இல் ஒரு விளக்கம் வைத்தார்கள். பெண்மை உடல் வளர்ந்தால் தானாக வந்துவிடும் என்றும், ஆண்மை சம்பாதிக்க வேண்டியது, எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுப் போகக்கூடியது என்றும் மக்கள் கருதுகிறார்கள் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அடுத்த ஆண்டு ஒரு சோதனை. சில ஆண்களைப் பொம்மைத் தலையில் முடி பின்னச் சொன்னார்கள். சிலரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். கைவேலை இரண்டிலும் ஒன்றுதான். பிறகு குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னபோது முடி பின்னியவர்கள் ஓங்கிக் குத்தினார்கள். பெண்ணின் வேலை என்று பெயர்பெற்ற ஒன்றைச் சில நிமிடம் செய்ததற்கே, தான் ஆண்தான் என்று நிரூபிக்கும் அவசரம் வந்துவிட்டது.

ஆக, மைதானத்தில் அந்தச் சொல் விழுந்ததும் அவன் செய்ய வேண்டியது ஒன்றே. இன்னொருவன் மேல் அதைத் தூக்கிப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தங்கி ஆராய்ந்த சி. ஜே. பாஸ்கோ என்ற சமூகவியலாளர் இதையே பார்த்தார். ஓரினச்சேர்க்கையாளரைக் குறிக்கும் வசையை மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டே இருந்தார்கள். எவருடைய விருப்பமும் அங்கே பேச்சில்லை; விளையாட்டில் சொதப்பினாலும், உடையைப் பற்றி அக்கறைப்பட்டாலும், நண்பனிடம் கனிவாகப் பேசினாலும் வசை விழும். பெரும்பாலானவர்கள் மீது அது ஒட்டுவதில்லை. உண்மையிலேயே மென்மையானவன், உண்மையிலேயே தன்னை வேறாக உணர்கிறவன், அவன் மீது மட்டும் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தபடியே அவன் தன் கையை எப்படி வீசி நடப்பது, சட்டையை எப்படி மடிப்பது என்று கணக்குப் போடத் தொடங்குகிறான். அந்த உழைப்பு வெளியே தெரியாது.

நம் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அண்ணாவி பாட, மகுடம் என்ற பறை அதிர, சேலை கட்டி, சலங்கை கட்டி இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். விடிய விடியக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். சாமிக்கு ஆடுகிறவனின் பெண்வேடத்தை ஏற்கும் ஊர், வேடமில்லாமல் அப்படி இருக்கும் பையனை ஏற்பதில்லை. ஊர் குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்த நேரத்துக்கு மட்டும் அந்த எல்லையைத் தாண்டலாம். மற்ற நேரமெல்லாம் வேலி காக்கிறது வசை.

பெண்கள் பக்கத்து வேலியையும் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு வீட்டில் மகள் குரலை உயர்த்தினால், "மீன்காரி மாதிரி கத்தாத" என்று அதட்டு விழும். அந்த மீன்காரி யார்? விடியுமுன் முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஏலத்தில் ஆண்களோடு முட்டி நின்று விலை கேட்டு, கடனுக்கு எடுத்து, ஐஸ் போட்டு, சருவத்தைத் தலையில் தூக்கி, தெருத்தெருவாக விற்று, வட்டியையும் முதலையும் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறவள். கத்தாவிட்டால் ஏலத்தில் அவள் கேட்ட விலை யார் காதிலும் விழாது. முக்குவர் என்ற மீனவச் சாதிப் பெண்களை இந்தக் கடற்கரையில் ஆராய்ந்த மானுடவியலாளர் கல்பனா ராம், வீட்டுப் பணமும் கடனும் பெருமளவு பெண்கள் கையில் புரள்வதை எழுதியிருக்கிறார். தன் காலில் நிற்கும் ஒரு பெண்ணின் தொழில்குரல், இன்னொரு வீட்டுப் பெண்ணை வாயடைக்கும் வசையாகிவிட்டது. பாலினத்தோடு சாதியும் இதில் கலந்திருக்கிறது. 2021 டிசம்பரில் மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியைக் குளச்சலில் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்படி ஒரு காரியத்துக்குக் கை வருவதற்கு முன்னால், வாய் பல ஆண்டுகள் பழகியிருக்கிறது என்பதே என் எண்ணம்.

இப்படிச் சொல்வது ஊகம் மட்டும் அல்ல. தாமஸ் ஃபோர்டும் கூட்டாளிகளும் 2008-இல் ஆண்களுக்குப் பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைகளைக் கொடுத்து, பிறகு ஒரு பெண்கள் அமைப்புக்கு நன்கொடை தருவீர்களா என்று கேட்டார்கள். பெண்கள்மேல் ஏற்கெனவே பகை எண்ணம் உள்ளவர்கள் குறைவாகத் தர முன்வந்தார்கள். அதே இழிவை நகைச்சுவை இல்லாமல் நேராகச் சொன்ன வாசகங்களைப் படித்தவர்களிடம் இந்த விளைவு இல்லை. கேலி புதிதாக வெறுப்பை ஊட்டவில்லை. உள்ளே இருப்பதை இங்கே வெளியே விடலாம் என்ற அனுமதியைக் கொடுத்தது. "சும்மா" என்பதுதான் அந்த அனுமதிச் சீட்டு.

ஃபாபியோ ஃபசோலியும் கூட்டாளிகளும் 2016-இல் வெளியிட்ட சோதனைகள் இன்னும் கவலை தருகின்றன. ஓரினச்சேர்க்கையாளரைக் குறிக்கும் வசையைக் கண்ணில் காட்டிய பிறகு, மனிதத்தன்மையோடு தொடர்புள்ள சொற்களை மக்கள் அவர்களோடு குறைவாகவே சேர்த்தார்கள். உடலளவிலும் அவர்களிடமிருந்து அதிக இடைவெளி விட்டார்கள். சாதாரணப் பெயரால் குறிப்பிட்டபோது அப்படி நடக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நம் இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. திருநங்கை ஒருவர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நடந்து வந்தால் "அது வருது பாரு" என்பார்கள். அஃறிணை வினைமுற்று. ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவரைப் பேடி என்பது பழைய வழக்கு; தொல்காப்பியர் பேடியை உயர்திணையில் வைத்தே இலக்கணம் சொன்னார். தமிழ்நாடு அரசு 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது, உச்ச நீதிமன்றம் 2014-இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. பஸ் ஸ்டாண்டில் திணை இன்னும் மாறவில்லை.

மாற்ற முடியுமா என்றால், முடியும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் எலிசபெத் பாலுக் குழுவினர் செய்த சோதனை 2016-இல் வெளிவந்தது. சிறு குழு மாணவர்களைப் பொறுக்கி, தங்கள் பள்ளியில் நடக்கும் சீண்டலுக்கும் சண்டைக்கும் எதிராக அவர்களே வெளிப்படையாகப் பேசும்படி விட்டார்கள். அப்படிச் செய்த பள்ளிகளில் மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைகள் ஓராண்டில் சுமார் 30 சதவீதம் குறைந்தன. குழுவில் மற்றப் பிள்ளைகள் அதிகம் கவனிக்கும் மாணவர்கள் எத்தனைக்கெத்தனை இருந்தார்களோ, அத்தனைக்கு விளைவும் கூடியது. தலைமையாசிரியர் அசெம்பிளியில் பேசுவதைவிட, வகுப்பில் எல்லோரும் யாருடைய சட்டையையும் முடிவெட்டையும் பார்த்துத் தாங்களும் மாற்றிக்கொள்கிறார்களோ, அந்தப் பையன் வசைக்குச் சிரிக்காமல் இருப்பது பெரிய விஷயம்.

பெரியவர்களிடம்? கல்யாண வீட்டுப் பந்தலில் மாமா ஒரு வசையை நகைச்சுவையாக விடுகிறார். "இப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றால் முகம் சுளிப்பாரே என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அலெக்சாண்டர் சாப் குழுவினர் 2006-இல் ஆராய்ந்தது இந்தத் தயக்கத்தைத்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது இனம் பற்றிய இழிபேச்சு. சுட்டிக்காட்டப்பட்டவர்களுக்கு எரிச்சல் வந்தது, சுட்டிக்காட்டியவரைப் பிடிக்காமலும் போயிற்று. ஆனாலும் அடுத்து வந்த சோதனையில் அதே மாதிரியான இழிவான பதில்கள் அவர்களிடம் குறைந்திருந்தன. மென்மையாகச் சொன்னாலும் கடுமையாகச் சொன்னாலும் அந்தப் பலனில் வேறுபாடு இல்லை.