'க்ரின்' என்றால் இளிப்பா?

மொழிபெயர்ப்புக் கதைகளில் என்னை அடிக்கடி நிறுத்திவிடுகிற ஒரு வரி, "அவன் இளித்தான்." கதையில் அவன் நல்ல பையன், தொலைந்த பந்து திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நிற்கிறான். ஆங்கில மூலத்தில் 'க்ரின்' (grin) என்று இருந்திருக்கும், அகராதி அதற்கு நேரே 'இளி, பல்லைக் காட்டு' என்று சொல்லியிருக்கும், அப்படியே போட்டுவிட்டார்கள். தமிழில் படிக்கிற நமக்கோ அந்தப் பையன் அசடாகத் தெரிகிறான், இல்லையென்றால் யாரிடமோ குழைகிறவனாகத் தெரிகிறான்.

அகராதி பொய் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'க்ரென்னியன்'. வலியிலோ கோபத்திலோ பல் வெளியே தெரிய வாயை விரிப்பதுதான் அதன் பொருள், அதில் சிரிப்பே கிடையாது. 15ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான் பல் தெரியச் சிரிப்பதற்கும் அது வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மகிழ்ச்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

நம் இளிப்பு அப்படி நகரவில்லை. இளிச்சவாயன் என்றால் ஏமாளி. காரியம் ஆவதற்காகப் பல்லிளிப்பார்கள், மெருகு போன கவரிங் வளையலும் பல்லிளிக்கும். இளி, இளிவு என்ற பழைய சொற்களுக்கே இழிவு என்றுதான் பொருள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகளில், முதலாவது நகை, மூன்றாவது இளிவரல். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளிவரல் பிறப்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து. இரண்டும் வேறு வேறு உணர்வுகள் என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள், நாம் ஏன் சேர்த்துக் குழப்ப வேண்டும்?

சரி, 'க்ரின்' என்பதற்குத் தமிழில் என்ன? வீட்டில் பேசுகிற தமிழிலேயே இருக்கிறது: வாயெல்லாம் பல்லாக நின்றான். இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடக்கமாக வேண்டுமென்றால் 'பல் தெரியச் சிரித்தான்' போதும். வில்லன் சிரிக்கும்போது இளிப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

'ஸ்மர்க்' (smirk) என்ற சொல் போன பாதை இதற்கு நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மியர்கியன்' என்றால் வெறுமனே புன்னகைப்பதுதான். 'ஸ்மைல்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, பழைய சொல்லுக்குத் தன்னை மெச்சிக்கொள்கிற செயற்கைச் சிரிப்புதான் மிஞ்சியது. பலர் இதற்கு நமட்டுச் சிரிப்பு என்று எழுதுகிறார்கள். நமட்டுச் சிரிப்பு உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற கேலி, அது 'ஸ்னிகர்' என்பதற்குத்தான் சரியாகப் பொருந்தும். 'ஸ்மர்க்' செய்கிறவன் எதையும் அடக்குவதில்லை, நாம் பார்க்க வேண்டும் என்றே செய்கிறான். மிதப்பான சிரிப்பு, தெனாவட்டுச் சிரிப்பு என்று எழுதினால் ஆள் கண்முன் வந்துவிடுவான்.

மற்றவை அவ்வளவு சிக்கல் இல்லை. 'கிகிள்' என்றால் களுக்கென்று சிரிப்பது, 'சக்கிள்' என்றால் தனக்குள் சிரித்துக்கொள்வது. 'கேக்கிள்' கோழியின் சத்தத்திலிருந்து வந்தது, நம் கொக்கரிப்பும் அப்படித்தான், அதனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். 'சார்ட்டில்' மட்டும் தனி ரகம், 'சக்கிள்', மூக்கால் உறுமுவதைச் சொல்லும் 'ஸ்னார்ட்' இரண்டையும் ஒட்டி லூயிஸ் கரோல் 1871இல் தன் ஆலிஸ் கதைக்காக உண்டாக்கிய சொல் அது.

'கஃபா' என்கிற உரத்த சிரிப்புக்கு வெடிச்சிரிப்பு என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. அதற்கென்றே ஒரு சொல் இருந்தது: அட்டகாசம். வடமொழியில் அட்டஹாசம் என்றால் பெருஞ்சிரிப்பு, மந்தஹாசம் என்றால் மெல்லிய சிரிப்பு. மந்தகாசம் இன்னும் சிரிப்பாகவே இருக்கிறது. அட்டகாசமோ முதலில் அமர்க்களமாகி, பிறகு குழந்தை வீட்டில் செய்கிற ரகளையாகி, இன்றைக்கு "பிரியாணி அட்டகாசம்" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.