மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர், "இரண்டு மருந்து அடித்தாயிற்று, கேட்கவில்லை, இன்னும் வீரியமானதாகச் சொல்லுங்கள்" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். விசாரித்தால் வீரியத்தில் குறை இருப்பதில்லை. நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தம் இருப்பதில்லை.

வெள்ளரி, பூசணி போன்ற கொடிப் பயிர்களில் இந்தக் குழப்பம் அதிகம். இலையின் மேல் மாவு தூவியது போன்ற வெண்பூச்சு படர்ந்து, தேய்த்தால் விரலில் ஒட்டினால் அது சாம்பல் நோய். மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே கோணலான மஞ்சள் திட்டுகளும், அதிகாலை ஈரத்தில் இலையைத் திருப்பினால் அதே திட்டுகளின் அடியில் சாம்பலோ ஊதாவோ கலந்த வளர்ச்சியும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். ஐயம் இருந்தால், அந்த இலையை ஈரத்தாளுடன் பிளாஸ்டிக் உறையில் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். அடிச்சாம்பல் என்றால் பெரும்பாலும் காலையில் அடிப்புறத்தில் அந்த வளர்ச்சி வெளிப்படும். பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. அடிச்சாம்பலை உண்டாக்கும், பூஞ்சை போலத் தோன்றும் ஊமைசீட் (oomycete) வகை உயிரி உண்மையான பூஞ்சையே அல்ல என்பதால், பூஞ்சைக்கொல்லியான கார்பன்டசிம் எத்தனை முறை தெளித்தாலும் அது அசையாது. அதற்கென உள்ள மெட்டலாக்சில், சாம்பல் நோய்க்குப் பயன்படாது.

அடுத்த சிக்கல், மருந்துக்கு எதிராக நோய்க்கிருமி பெறும் எதிர்ப்புத்திறன். கார்பன்டசிம், அசாக்சிஸ்ட்ரோபின் போன்றவை நோய்க்கிருமியின் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைப்பவை; அந்தப் புரதத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலே மருந்து செயலிழந்துவிடக்கூடும். ஆகவே மருந்தை மாற்றி மாற்றித் தெளிக்கச் சொல்கிறோம். ஆனால் மாறுவது பெரும்பாலும் டப்பாவின் பெயர் மட்டுமே. வணிகப் பெயர் மூன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மூலப்பொருளாக இருக்கலாம். மூலப்பொருள் நோய்க்கிருமியைத் தாக்கும் விதத்தைக் குறிக்கும் செயல்முறைக் குழு எண்ணைப் பார்த்து, எண் மாறும்படி தெளிப்பதே சரி: கார்பன்டசிம் 1, டெபுகோனசோல் 3, மெட்டலாக்சில் 4, அசாக்சிஸ்ட்ரோபின் 11.

மேன்கோசெப், தாமிர மருந்துகள் ஆகியவை நோய்க்கிருமியைப் பல இடங்களில் தாக்குவதால் அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் உருவாவது அரிது. ஆனால் இவை இலைப்பரப்பிலேயே தங்குபவை. 1885-இல் பிரான்சில் தாவரவியலாளர் மில்லார்டே திராட்சையின் அடிச்சாம்பலுக்கு எதிராக அறிமுகப்படுத்திய தாமிர மருந்தான போர்டோ கலவைகூட வித்துகள் முளைப்பதைத் தடுத்ததே தவிர, உள்ளே புகுந்துவிட்ட நோயைக் குணப்படுத்தவில்லை. நோய் பரவும் பருவநிலை தெரிந்தவுடன், திட்டுகள் தோன்றுவதற்கு முன்பே, இலையின் அடிப்புறமும் நனையும்படி இவற்றைத் தெளிக்க வேண்டும். தெளித்தபின் விரியும் புதுத் தளிர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால், இடைவெளியைப் பயிரின் வளர்ச்சி வேகத்தையும் மழையையும் பார்த்து, லேபிளில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் வகுத்துக்கொள்ளுங்கள்.