பத்து மூட்டை ஏற்றி, பதின்மூன்று மூட்டை இறக்குகிறவர்களுக்கு

நேற்றிரவு இரசாயனவியல் மாதிரிப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். லீற்றருக்கு 0.00001 மூல் அசற்றிக்கமிலம் (வினாகிரியில் இருக்கும் அமிலம்) உள்ள கரைசல். ஐதரசன் அயன் செறிவைக் காண வேண்டும். முதல் தாளில் விடை 0.0000134. அடுத்த தாளிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே. ஒரு மூலக்கூறு பிரிந்தால் ஓர் ஐதரசன் அயன்தான் வரும், இங்கே போட்ட அமிலத்தைவிட வெளிவந்த அயன் கூட! அம்பாறை வயலில் பத்து மூட்டை நெல்லை லொறியில் ஏற்றி, மட்டக்களப்பில் பதின்மூன்று மூட்டை இறக்கினேன் என்று சொன்னால் உங்கள் அப்பா நம்புவாரா?

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "சேர், மென்னமிலம்தானே, எக்ஸைப் புறக்கணிக்கலாம்." எக்ஸ் என்பது அயன்களாகப் பிரிந்த அளவு. அதை ஆரம்பச் செறிவிலிருந்து கழிக்காமல் விட்டால், மாறிலியையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலே விடை வந்துவிடும்.

இந்த 'தானே'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மென்னமிலம் என்றால் எப்போதும் கொஞ்சம்தான் பிரியும் என்று யார் சொன்னது? 'மென்' என்பது கூட்டப்பிரிகை மாறிலி, அதாவது அமிலம் அயன்களாகப் பிரியும் போக்கைக் காட்டும் எண், சிறியது என்பதற்கான பெயர். நூற்றுக்கு எத்தனை பிரியும் என்பதைச் செறிவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அசற்றிக்கமிலத்தின் மாறிலி 25 பாகை செல்சியசில் 1.8 × 10⁻⁵. செறிவு 0.1 ஆக இருக்கும்போது 1.3 வீதம்தான் பிரிகிறது. அதையே 0.001 ஆக்குங்கள், 12.5 வீதம். நேற்றைய கணக்கின் 0.00001 இல் ஏறத்தாழ 72 வீதம். அமிலம் அதே அமிலம்தான், தண்ணீர்தான் கூடியது. ஐதாகும்போது பிரியும் வீதம் கூடும் என்கிற இந்த ஐதாக்கல் விதியை இரசாயனவியலாளர் ஒஸ்வால்ட் 1888 இலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாம் இன்னும் 'தானே' போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிழை முழுவதும் பிள்ளைகளுடையது அல்ல. கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சை. ஆகவே வினா எழுதுகிறவர்கள் அண்ணளவாக்கம் பொருந்துகிற எண்களையே பொறுக்கித் தருகிறார்கள். முதல் நாளே "புறக்கணிக்கலாம்" என்று கரும்பலகையில் எழுதுகிற ஆசிரியர்களில் நானும் ஒருவன். நிபந்தனையை மூன்றாம் நாள் சொல்வேன். அன்றைக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

ஆகவே மகன்மாரே, மகள்மாரே, ஆரம்பச் செறிவை மாறிலியால் வகுத்துப் பாருங்கள். 400 அல்லது அதற்கு மேல் வந்தால் எக்ஸைத் தாராளமாக விடலாம், பிழை சிறியது. அசற்றிக்கமிலத்துக்கு அந்த எல்லை 0.0072. அதற்குக் கீழே இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும், சோம்பல் கூடாது. சமன்பாடு பயமாக இருந்தால், கிடைத்த எக்ஸை ஆரம்பச் செறிவிலிருந்து கழித்து, மாறிலியால் பெருக்கி மறுபடி வர்க்கமூலம் எடுங்கள். 0.001 கரைசலில் முதலில் 0.000134 வரும், அடுத்த சுற்றிலேயே 0.000125 ஆகிவிடும். நேற்றைய கணக்கில் இந்த வழி பலிக்காது: கழித்தால் மறை எண் வரும். அந்த மறை எண்ணைக் கண்டாவது விழித்திருக்கலாம்!

செறிவு இன்னும் குறைந்து 10⁻⁷ ஐ நெருங்கினால், அல்லது அதற்கும் கீழே போனால், தண்ணீரின் சொந்த அயன்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அமிலத்துக்கு, காரத்துக்குரிய பீஎச் 8 என்று எழுதிவிட்டு வருவீர்கள். அப்படி எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு கணக்கு. போமிக்கமிலம், மாறிலி 1.8 × 10⁻⁴, செறிவு 0.01. முதலில் வகுத்துப் பார்த்த எண்ணைத் தாளின் மேலே எழுதிக்கொண்டு வாருங்கள். வெறும் வர்க்கமூலத்தோடு வருகிற தாளை நான் வாங்க மாட்டேன்.