தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காத அமெரிக்க வீரரை வேலையை விட்டுத் தூக்க முடியுமா?

முதலில் சுருக்கமான பதில். ஜெயிலில் போட முடியாது. அரசுப் பள்ளி அணியில் ஆடும் பையன் என்றால் அதற்காகத் தண்டிக்கவே முடியாது. தொழில்முறை வீரர் என்றால் அணியின் முதலாளி நினைத்தால் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் குறுக்கே வீரர்கள் சங்கம் என்று ஒன்று நிற்கிறது. 2016ல் என்எஃப்எல் என்ற அமெரிக்கப் பாணிக் கால்பந்து லீகின் வீரர் கோலின் கேப்பர்னிக் போராட்டமாகக் கீதத்தின்போது முட்டி போட்ட நாளிலிருந்து ஒரு கோஷ்டி "அது அவருடைய அரசியல் சாசன உரிமை" என்கிறது, இன்னொரு கோஷ்டி "சட்டவிரோதம், தூக்கி உள்ளே போடு" என்கிறது. ரெண்டுமே சரியில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க மத்தியச் சட்டத் தொகுப்பில் 36ஆம் தலைப்பு, 301ஆம் பிரிவு தேசிய கீதத்தைப் பற்றியது. கீதம் இசைக்கும்போது கொடியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், சீருடை போட்டவர்கள் சல்யூட் அடிக்க வேண்டும், தொப்பி போட்ட ஆண்கள் அதைக் கழற்றி இடது தோளோரம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மீறினால் என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடையாது, அபராதம்கூட இல்லை. பெரியவர்கள் சொல்லும் நல்ல பழக்கம் மாதிரிதான் அந்தப் பிரிவு இருக்கிறது.

தண்டனை போட வேண்டும் என்று யாராவது கிளம்பினாலும் 1943ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று வழியை மறிக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள், பள்ளிக்கூடம் அவர்களை வெளியே அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது, நாட்டுப்பற்று கொதித்துக்கொண்டிருந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் இதே நீதிமன்றம் இதே மாதிரி வழக்கில் பள்ளிக்கூடத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதையெல்லாம் புரட்டிப்போட்டு, நாட்டுப்பற்றை யாருடைய வாயிலும் அரசாங்கம் திணிக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். தீர்ப்பு வந்தது ஜூன் 14, அங்கே கொடி நாள். (இந்தியாவிலும் 1986ல் இதே சபைப் பிள்ளைகள் கேரளாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். ஆனால் அவர்கள் கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றவர்கள், பாட மட்டும்தான் மறுத்தார்கள். அதனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி இங்கே யாரும் முட்டி போட்டுவிட முடியாது.)

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பேச்சுரிமை தரும் முதல் சட்டத் திருத்தம் கட்டிப்போடுவது அரசாங்கத்தின் கையை மட்டும்தான். தனியார் முதலாளி அதில் வரமாட்டார். எனவே வீரர் யாருக்காக ஆடுகிறார் என்று பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

2017ல் தெற்குக் கலிபோர்னியாவில் சான் பாஸ்குவல் பகுதியின் அரசுப் பள்ளி மாணவன் ஒருவன் ஆட்டத்துக்கு முன்னால் முட்டி போட்டான். பள்ளி நிர்வாகம் உடனே அதைத் தடுத்து விதி போட்டது, மாணவன் மத்திய நீதிமன்றத்துக்குப் போனான், நீதிபதி அந்த விதிக்குத் தடை போட்டுவிட்டார். அதே வருஷம் ஜார்ஜியாவில் கென்னசா அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்தின்போது உற்சாகமூட்டி ஆடும் குழுவிலிருந்த ஐந்து மாணவிகள் முட்டி போட்டார்கள். கீதம் முடியும் வரைக்கும் அந்தக் குழுவே மைதானத்துக்குள் வரக்கூடாது என்று நிர்வாகம் ஏற்பாட்டை மாற்றியது, பின்னால் வழக்கு வந்து ஒரு மாணவிக்குப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடமும் அரசுப் பல்கலைக்கழகமும் அரசாங்கம்தானே.

என்எஃப்எல் அணி அப்படியில்லை, அது பெரும்பாலும் ஒரு கோடீஸ்வரரின் கம்பெனி. அங்கே வேலை பார்ப்பவர் வேலை நேரத்தில், கம்பெனி உடுப்போடு, கம்பெனி இடத்தில் என்ன செய்யலாம் என்பதை ஒப்பந்தமும் லீக் விதியும்தான் தீர்மானிக்கும். கேப்பர்னிக் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இதில்தான் இருக்கிறது. 2016ல் என்எஃப்எல்லில் எழுந்து நின்றே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ஆட்ட நடத்துமுறைக் கையேட்டில் கீதத்தின்போது வீரர்கள் சைடுலைனில், அதாவது மைதானத்தின் ஓரக்கோட்டில், இருப்பது கட்டாயம் என்று இருந்தது. அப்புறம் நேராக நிற்பது, கொடியைப் பார்ப்பது, ஹெல்மெட்டை இடது கையில் பிடிப்பது, பேசாமல் இருப்பது, இதெல்லாம் அப்படி இருந்தால் நல்லது என்ற அளவில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆகவே அவருடைய சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியும் லீகும் "நிற்கச் சொல்லி ஊக்கப்படுத்துகிறோம், கட்டாயமில்லை" என்று நழுவிக்கொண்டன. இன்னொரு வேடிக்கை, 2009க்கு முன்னால் இரவு நேரப் பெரிய ஆட்டங்களில் வீரர்கள் கீதத்தின்போது வழக்கமாக வெளியே வந்ததில்லை, டிவி ஒளிபரப்பு நேரக் கணக்குக்காக உடை மாற்றும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். பாதுகாப்புத் துறையிடம் காசு வாங்கிக்கொண்டு அணிகள் மைதானத்தில் ராணுவ வீரர்களைக் கௌரவித்த கதை 2015ல் செனட்டர்கள் மெக்கெய்ன், ஃப்ளேக் இருவரின் அறிக்கையில் வெளியே வந்து நாறியது, அடுத்த வருஷம் லீக் 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

கேப்பர்னிக் ஆரம்பத்தில் முட்டி போடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துதான் இருந்தார். ஆகஸ்ட் 26ஆம் தேதி கிரீன் பே அணியோடு நடந்த பயிற்சி ஆட்டத்தில்தான் அது பத்திரிகையாளர் கண்ணில் பட்டது. கறுப்பின மக்களை ஒடுக்கும் நாட்டின் கொடிக்காக எழுந்து நின்று பெருமைப்பட முடியாது என்று காரணம் சொன்னார். நேட் போயர் என்று ஒருவர், ராணுவச் சிறப்புப் படையில் இருந்து பிறகு கொஞ்ச நாள் கால்பந்தும் ஆடியவர், வருத்தப்பட்டு அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். கேப்பர்னிக் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். சான் டியேகோவில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில் போயர் சொன்ன யோசனைதான் முட்டி போடுவது. உட்கார்ந்திருந்தால் தனியாக ஒதுங்கிய மாதிரி இருக்கிறது, முட்டி போட்டால் சக வீரர்களின் பக்கத்திலேயே இருக்கலாம், இறந்த தோழனின் கல்லறை முன்னால் சிப்பாய்களும் முட்டி போடுகிறார்கள் என்றார். செப்டம்பர் 1ஆம் தேதி கேப்பர்னிக்கும் அவருடைய அணித் தோழர் எரிக் ரீடும் முட்டி போட, போயர் பக்கத்திலேயே நெஞ்சில் கை வைத்து நின்றார். கொடியை அவமதித்த செயல் என்று இதை இன்றைக்கும் திட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் செப்டம்பரில் அலபாமா கூட்டம் ஒன்றில் அதிபர் டிரம்ப், முட்டி போடுகிறவர்களை முதலாளிகள் தூக்கி எறிய வேண்டும் என்று கெட்ட வார்த்தையோடு பேச, அந்த ஞாயிற்றுக்கிழமையே 200 பேருக்கு மேல் முட்டி போட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள். முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. 2018 மே 23ஆம் தேதி புது விதி கொண்டுவந்தார்கள்: மைதானத்தில் இருக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும், பிடிக்காதவர்கள் உள்ளே அறையில் இருந்துகொள்ளலாம், யாராவது மீறினால் லீக் அந்த அணிக்கு அபராதம் போடும், வீரரை என்ன செய்வது என்பதை அணியே முடிவு செய்துகொள்ளலாம். வீரரை நேரடியாகத் தொடாமல் அணி தலையில் கட்டிவிட்டார்கள் பாருங்கள், அந்தக் கெட்டிக்காரத்தனம் ரெண்டு மாசம்கூட ஓடவில்லை.

காரணம் சங்கம். அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி சங்கம் இருக்கும் இடத்தில் வேலை நிபந்தனைகளையும் தண்டனைகளையும் முதலாளி தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது, சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். என்எஃப்எல் வீரர்கள் சங்கம் ஜூலை 10ஆம் தேதி முறையீடு போட்டது. 19ஆம் தேதி மயாமி டால்ஃபின்ஸ் அணியின் உள் ஆவணம் வெளியே கசிந்தது, கீத விஷயத்தில் மீறினால் நான்கு ஆட்டம் வரை இடைநீக்கம் செய்யலாம் என்ற பட்டியலில் அதையும் சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரியே லீகும் சங்கமும் சேர்ந்து, பேச்சுவார்த்தை நடக்கும் அடுத்த சில வாரங்களுக்குப் புது விதி எதுவும் அமலாகாது என்று கூட்டறிக்கை விட்டுவிட்டன. அந்த விதியை வைத்து ஒரு அணிகூட அபராதம் கட்டவில்லை. 2020 ஜூனில், வீரர்கள் சொன்னதை முன்னாலேயே கேட்காதது தப்பு என்று லீக் தலைவர் ரோஜர் குடெல் வீடியோவில் சொன்னார், கேப்பர்னிக் பெயரை மட்டும் சொல்லவில்லை.

சரி, அப்படியென்றால் கேப்பர்னிக்குக்கு ஏன் வேலை போனது? விதியை மீறியதற்காக அவரை யாரும் நீக்கவில்லை. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து அவரே வெளியே வந்தார், அதற்கப்புறம் எந்த அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. உன்னை எடுக்க எனக்கு இஷ்டமில்லை என்று ஒரு அணி தானாக முடிவெடுத்தால் லீகும் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி அது தப்பே கிடையாது. இரண்டு அணிகள், அல்லது லீகும் ஒரு அணியும், பேசிவைத்துக்கொண்டு ஒருவரை ஒதுக்கினால்தான் தப்பு, அதை நிரூபிக்க வேண்டியதும் வீரர்தான். 32 அணிகளும் ஒன்றோடொன்று பேசாமலே ஒரே மாதிரி பயந்தால் சட்டத்தில் அதற்குப் பெயரில்லை. முழு விவகாரத்திலும் வீரர்களுக்குப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். 2017 அக்டோபரில் கேப்பர்னிக், அணிகள் பேசிவைத்துத் தன்னை ஒதுக்கின என்று முறையீடு போட்டார், தள்ளுபடி செய்யுங்கள் என்று லீக் கேட்டதை 2018 ஆகஸ்டில் தகராறைத் தீர்க்க வைத்த நடுவர் மறுத்தார், 2019 பிப்ரவரியில் அவரோடும் ரீடோடும் லீக் ரகசியச் சமரசம் செய்துகொண்டது. மறுபடி அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கூடைப்பந்து லீகான என்பிஏவில் இவ்வளவு சுற்றல் இல்லை. வீரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் வரிசையாகக் கண்ணியமாக எழுந்து நிற்க வேண்டும் என்று விதிப் புத்தகத்திலேயே பளிச்சென்று இருக்கிறது. 1996 மார்ச்சில் டென்வர் அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப் மத நம்பிக்கையைக் காரணம் சொல்லி நிற்க மறுத்தார், லீக் இடைநீக்கம் செய்தது. ஒரு ஆட்டத்துக்கு 31,707 டாலர் சம்பளம் போனது. பேச்சுவார்த்தையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அவர் எழுந்து நிற்பார், ஆனால் தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்வார். விதிப்படி நின்றாயிற்று, நம்பிக்கையும் காப்பாற்றப்பட்டாயிற்று. அந்தக் கோடையிலேயே டென்வர் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது.

அதே விதி 2020லும் இருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு ஆர்லாண்டோவில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது அணி அணியாக முட்டி போட்டார்கள், விதியை அமல்படுத்தப் போவதில்லை என்று தலைவர் ஆடம் சில்வர் அறிவித்தார். விதியை மாற்றவில்லை, கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த பிப்ரவரியில் டல்லாஸ் அணி சத்தமில்லாமல் கீதம் இசைப்பதையே நிறுத்தியிருந்தது தெரியவந்ததும், எல்லா அணியும் இசைத்தே ஆக வேண்டும் என்று லீக் உடனே சொல்லிவிட்டது. நிற்பதில் தாராளம், இசைப்பதில் கண்டிப்பு.

கால்பந்தில், அதாவது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில், பெண்கள் அணியின் மேகன் ராபினோ 2016ல் முட்டி போட்டதற்காகவே அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2017ல் கட்டாயம் நிற்க வேண்டும் என்று விதி போட்டு, 2020 ஜூனில் ரத்து செய்தது. ஒலிம்பிக் கதை வேறு: 50ஆம் விதி போராட்டத்தை எங்கேயும் அனுமதிக்காது என்று இருந்து, 2021ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், போட்டி தொடங்குவதற்கு முன்னால் செய்யலாம், பதக்க மேடையில் கூடாது. கீதம் ஒலிப்பதோ மேடையில்தான். 1968ல் மெக்சிகோவில் அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் போராட்டமாகக் கையை உயர்த்திய அதே இடம் இன்றைக்கும் மூடியே இருக்கிறது.

தனியார் வேலை என்றால் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டால், மாநிலத்தைப் பொறுத்தது. கனெக்டிகட்டில் தனியார் ஊழியருக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு தரும் சட்டம் இருக்கிறது, கலிபோர்னியாவில் அரசியல் செயல்பாட்டுக்காக ஊழியரை மிரட்டக் கூடாது என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. கீத விவகாரத்தில் தொழில்முறை வீரர் யாரும் இவற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயித்துக் காட்டியதில்லை. இன்னொரு வாதமும் உண்டு: மைதானத்தைக் கட்டியது மக்கள் வரிப்பணம், நிலம் நகராட்சியுடையது, அப்புறம் எப்படி இது வெறும் தனியார் இடம்? 1978ல் பெண் நிருபர் ஒருவரை யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தின் உடை மாற்றும் அறைக்குள் விடாத வழக்கில் நியூயார்க் மத்திய நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது, நகரத்துக்குச் சொந்தமான மைதானம் என்பதால் அரசியல் சாசனம் இங்கேயும் செல்லும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு நீதிமன்றங்களும் அப்படியே ஒத்துக்கொள்ளும் என்று யாரும் நம்பி இறங்கிவிட வேண்டாம்.

பார்வையாளருக்கு என்ன விதி என்றும் சிலர் கேட்பீர்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்காவிட்டால் பக்கத்துச் சீட்டுக்காரர் முறைக்கலாம், மைதானக்காரர் வெளியே போகச் சொல்லிப் பார்க்கலாம், போலீஸ் கை வைத்தால் மட்டும் கதை மாறிவிடும். 2008ல் அதே பழைய யாங்கி ஸ்டேடியத்தில், தேசிய கீதம்கூட இல்லை, ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் போடும் நாட்டுப்பற்றுப் பாட்டு, அது ஓடும்போது ஒரு ரசிகர் பாத்ரூம் போக எழுந்தார். போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து மைதானத்தை விட்டே வெளியே தள்ளினார்கள் என்று வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் நகர நிர்வாகம் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. பாட்டு ஓடும்போது ரசிகர்கள் நடமாடுவதைத் தடுக்கும் விதி எதுவும் தங்களிடம் இல்லை என்று யாங்கீஸ் அணியும் ஒப்புக்கொண்டது.