என்கவுன்டரில் உயிர் போனால் குடும்பம் என்ன கேட்கலாம்?

தீவிரவாத வழக்கில் பெயர் இருந்தாலும் சரி, ரவுடிப் பட்டியலில் இருந்தாலும் சரி, ஒருவரைக் குறிவைத்துத் தீர்த்துக்கட்டும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் போலீசுக்குத் தரவில்லை. தீவிரவாதத் தடுப்புக்கான உபா (யு.ஏ.பி.ஏ.) சட்டத்திலும் அது கிடையாது. தற்காப்புக்குச் சுட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது, அது விசாரிக்கப்பட வேண்டும். எப்படி விசாரிப்பது என்பதை உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று, பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில், 16 அம்சங்களாக வகுத்திருக்கிறது.

முதலில் எப்.ஐ.ஆரைப் பாருங்கள். ‘போலீசைக் கொல்ல முயன்றார்’ என்று இறந்தவர் மேல் மட்டும் வழக்குப் போட்டு முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிற கோளாறு. துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனதற்கும் எப்.ஐ.ஆர். பதிவாகி, தாமதமில்லாமல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தீவிரவாத வழக்கு என்றால் இணையத்தில் அது கிடைக்காமல் போகலாம்; மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போடுங்கள். புலன்விசாரணை சி.ஐ.டி. கையிலோ வேறு ஸ்டேஷன் போலீஸ் கையிலோ இருக்க வேண்டும், சுட்டவர்கள் கையில் அல்ல.

பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். ‘அவர்தான் முதலில் சுட்டார்’ என்றால் இறந்தவர் கையில் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்ற சோதனை முக்கியம். உடலைக் குளிப்பாட்டிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை. ரத்தம் படிந்த மண், தோட்டாக் கூடு, சுட்ட போலீசாரின் துப்பாக்கி எல்லாம் தடயவியலுக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் எரிப்பதற்கு முன்பே உயர் நீதிமன்றத்தில் (தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில்) மறு பரிசோதனை கேளுங்கள். எரித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

‘ஆயுதத்தை எடுத்துக் காட்டக் கூட்டிப் போனபோது தப்ப முயன்றார்’ என்றால் அவர் ஏற்கெனவே காவலில் இருந்தவர். அப்போது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 196-ஆம் பிரிவின்படி நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி அந்த விசாரணையில் உடனிருக்கலாம்.

இதில் எது விடுபட்டாலும் செஷன்ஸ் நீதிபதியிடம் புகார் கொடுக்கலாம். ஊர் எது என்பது கணக்கில்லை, சம்பவ இடம்தான் கணக்கு: திருநெல்வேலி மாவட்ட நாங்குநேரிக்காரரைத் தூத்துக்குடி மாவட்டத்தில் சுட்டிருந்தால் தூத்துக்குடி செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதிவிடுங்கள். இறந்தவரை நம்பியிருந்தவர்களுக்கு இழப்பீடு கேட்க பி.என்.எஸ்.எஸ். 396-ஆம் பிரிவு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள்.