‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்றால் எதைச் சோதித்தார்கள்?

மூலிகை மாத்திரை டப்பாக்களில் ‘ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது’ என்ற வரியை இப்போது பரவலாகப் பார்க்கலாம். நான் ஆய்வகத்தில் வேலை செய்வதால், தெரிந்தவர்கள் டப்பாவைப் படமெடுத்து அனுப்பி, “இதை நம்பிச் சாப்பிடலாமா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடியாது. சாம்பிளை அனுப்புகிறவர் என்ன சோதனை கேட்கிறாரோ அதைத்தான் நாங்கள் செய்வோம். ஈயம் இருக்கிறதா என்று கேட்டால் ஈயத்தை மட்டும் பார்ப்போம். உள்ளே இருப்பது வேறு செடியாகவே இருந்தாலும் அந்த அறிக்கையில் அது வராது.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை எடுத்துக்கொள்வோம். நினைவாற்றலுக்கு என்று பல நாடுகளில் விற்பது. தரப்படுத்திய சாற்றில் ஃபிளவனால் கிளைகோசைடுகள், அதாவது சர்க்கரையோடு இணைந்த ஒரு வகைத் தாவரப் பொருட்கள், சுமார் 24 சதவீதம் இருக்க வேண்டும். இதை அளக்கும் வழக்கமான முறையில், சாற்றை அமிலம் சேர்த்துச் சூடாக்கிச் சர்க்கரைப் பகுதியை உடைத்துவிட்டு, மிஞ்சும் குவெர்செட்டின், கெம்ப்ஃபெரால், ஐசோராம்னெட்டின் மூன்றையும் எச்.பி.எல்.சி. என்ற, கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவியில் அளப்போம். கலப்படம் செய்கிறவருக்கும் இந்த முறை தெரியும். வேறு செடிகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ருடின் என்ற பொருளை அமிலத்தில் சூடாக்கினால் அதுவும் குவெர்செட்டினாகிவிடும். ஆக, இலைச் சாற்றைக் குறைத்து ருடினைக் கலந்தாலும் கணக்கில் 24 சதவீதம் சரியாக வந்து நிற்கும். அதே சாற்றைச் சூடாக்காமல் கருவியில் செலுத்திப் பார்த்தால், வரைபடத்தில் ருடினுக்கான முகடு இயல்புக்கு மீறி உயர்ந்திருப்பது தெரியும். அந்தச் சோதனையை யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சளிலும் இதே கதை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினைத் தொழிற்சாலையில் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்தும் செய்ய முடியும். மூலக்கூறு ஒன்றுதான் என்பதால் சாதாரண அளவீட்டில் வித்தியாசம் தெரியாது. ஆனால் உயிருள்ள செடியில் கார்பன்-14 என்ற, காலப்போக்கில் சிதைந்துபோகும் கார்பன் வகை இருக்கும். பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் இருக்காது. அதை அளந்தால் உண்மை வெளியே வந்துவிடும். மஞ்சள் தூளுக்குப் பளபளப்பூட்டச் சேர்க்கப்படும் லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் இன்னும் மோசமானது. குர்குமின் அளவை மட்டும் பார்க்கும் அறிக்கையில் அதில் உள்ள ஈயம் தெரியவே தெரியாது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது செடி எது என்று உறுதி செய்யும் சோதனை. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் எடை குறைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சேர்க்க வேண்டிய ஸ்டெஃபேனியா வேருக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதை ஒத்திருந்த அரிஸ்டோலோக்கியா வேர் உள்ளே போயிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த வேரில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைத் தேடிப் பார்க்கும் வசதி சாதாரண ஆய்வகங்களிலேயே உண்டு.

வேரோ இலையோ தூளாக வந்தால் நுண்ணோக்கியே பெரிய துணை. ஸ்டார்ச் துகள்களின் வடிவம், இலையின் ரோமங்கள், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் எல்லாம் செடிக்குச் செடி மாறும். வேர்த் தூளில் இலை ரோமம் தெரிந்தால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும். சாறாக வந்தால் நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் இருக்காது, சாற்றின் பொருட்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. தகட்டில் அசல் மாதிரியையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பட்டைகளை ஒப்பிடுவோம்.

டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2015இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அந்த முறையில் மூலிகைப் பொருட்களைச் சோதித்து, பலவற்றில் லேபிளில் உள்ள செடியே இல்லை என்று அறிவித்தது. சாறு எடுக்கும்போதே டி.என்.ஏ. சிதைந்தோ நீங்கியோ போகலாம், எனவே சாற்றுக்கு இந்த முறை மட்டும் போதாது என்று துறையினர் பலர் அப்போது எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. காய்ந்த இலைக்கும் வேருக்கும் டி.என்.ஏ. நல்ல முறை, சாற்றுக்கு வேதியியல் சோதனைதான் வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மருந்துக் கலப்படம். எடை குறைக்கும் ‘மூலிகை’ மாத்திரைகளில் சிபுட்ரமின் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. மூட்டுவலித் தூள்களில் ஸ்டீராய்டு, ஆண்மைக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து). சில்டெனாஃபில் மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றிச் செய்தவற்றையும் கலக்கிறார்கள், வழக்கமான பட்டியலை வைத்துத் தேடினால் சிக்காமல் இருக்க. அவற்றைப் பிடிக்க மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். மூலிகை என்று வாங்கியது இரண்டே நாளில் வலியை முழுசாக நிறுத்திவிட்டால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

சரி, வாங்குகிறவர் என்ன செய்யலாம்? உங்கள் டப்பாவில் உள்ள அதே பேட்ச் எண்ணுக்கான பகுப்பாய்வு அறிக்கையைக் கேளுங்கள். செடியை எந்த முறையில் உறுதி செய்தார்கள், கன உலோகங்களும் நுண்ணுயிர்களும் எவ்வளவு, கலப்பட மருந்துகளைத் தேடினார்களா என்று அதில் பாருங்கள். ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனை ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்றும் கேட்கலாம். அறிக்கை தர மறுக்கும் நிறுவனத்தின் பொருளை நான் வாங்க மாட்டேன்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, படபடப்பு என்று ஏதாவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். டப்பாவையும் மிச்ச மாத்திரைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண்ணோடு பத்து மாத்திரை கையில் இருந்தாலே பெரும்பாலும் சோதித்துப் பார்த்துவிடலாம்.